ஏழு ஏக்கரும் நம் மையவாடியும்

பள்ளிவாசல் முற்றத்தில் மரம் நிற்கும் மஹல்லாக்களில் அடிக்கடி எழும் பேச்சு ஒன்று உண்டு. "தொழ வர்றவங்க சட்டையெல்லாம் எச்சமாப் போகுது, மரத்தை வெட்டிடுவோம்." நிர்வாகக் கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ஒரு நாள் சுப்ஹு தொழுகைக்குப் போனால் மரம் இருக்காது. அந்த மரத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம். அதற்கு முன், நம் தாமிரபரணிக் கரையிலேயே உள்ள ஓர் ஊருக்குப் போய் வருவோம்.

வீரவநல்லூருக்கு அருகில், கடனாநதி தாமிரபரணியோடு சேரும் இடத்தில் இருக்கிறது திருப்புடைமருதூர். பழைய கோயில் ஊர். கோயிலைச் சுற்றியும் ஆற்றங்கரையிலும் நிற்கும் பெரிய மருத மரங்களில் நாரைகளும் கொக்குகளும் மடையான்களும் கூடு கட்டுகின்றன. அந்தப் பறவைகளை ஊர் மக்கள் தாங்களாகவே காத்து வந்தார்கள். எந்த அதிகாரியும் வந்து சொல்லவில்லை. பிறகு அவர்களே ஊராட்சி வழியாக அரசிடம் கேட்டு, 2005 பிப்ரவரி 14 அன்று அந்த இடம் பறவைகள் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை 2002இல் திருத்தியபோது, மக்களைக் கலந்து பேசி அரசு நிலத்தைக் காக்கும் இந்த வகை உண்டாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதன்படி முதலில் அறிவிக்கப்பட்டது இந்த ஊர்தான். பரப்பு எவ்வளவு தெரியுமா? 2.84 ஹெக்டேர். அதாவது ஏழு ஏக்கர். நம்மில் பலருடைய ஊர் மையவாடியும் பள்ளிவாசல் இடமும் சேர்ந்தால் அதில் பாதியாவது வரும்.

நாங்குநேரி வட்டத்திலுள்ள கூந்தன்குளத்தைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1994இல் சரணாலயமானது; 2022இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே மஞ்சள் மூக்கு நாரைகள் குளத்து மரங்களில் மட்டுமல்ல, வீட்டுக் கொல்லைப்புற மரங்களிலும் கூடு கட்டும். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை ஊரார் எடுத்து வளர்த்து, பறக்கும் பருவத்தில் விடுகிறார்கள். பட்டாசு வெடிப்பதில்லை. எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாக அள்ளிப் போடுகிறார்கள். நாம் எதைச் சொல்லி மரத்தை வெட்டுகிறோமோ, அதுதான் அவர்களுக்கு உரம்.

பட்டாசுக்கும் பறவைக்கும் என்ன பெரிய சம்பந்தம் என்று கேட்கலாம். இந்த நாரைகள் தனியாகக் கூடு கட்டுவதில்லை, கூட்டமாகக் கட்டும். ஒரு வெடிச் சத்தத்தில் தாய்ப் பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பிவிடும். அந்தச் சில நிமிடங்களில் காகமும் பருந்தும் முட்டையைத் தூக்கும். இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் வாடும். குஞ்சு பறக்க ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகிறது. அந்த இரண்டு மாதமும் ஊர் முழுக்கப் பொறுமையாக இருந்தால்தான் அது பிழைக்கும். ஒருவர் மட்டும் நல்லவராக இருந்து பயனில்லை. ஜமாஅத்தாகச் செய்ய வேண்டிய வேலை இது.

கோயில் ஊரை ஜும்ஆ பாடத்தில் எதற்குச் சொல்கிறீர்கள் என்று சிலருக்குத் தோன்றும். நம்மிடம் இருந்து நாம் மறந்த ஒன்று அங்கே நடைமுறையில் இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன். நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் இரு கருங்கல் நிலங்களுக்கு இடைப்பட்ட பகுதியைப் புனிதமாக்கினார்கள். அங்கே மரம் வெட்டக்கூடாது, வேட்டைப் பிராணியை விரட்டக்கூடாது. அபூஹுரைரா (ரலி) அவர்கள், மதீனாவில் மான் மேய்வதைக் கண்டாலும் அதை மிரளச் செய்யமாட்டேன் என்ற கருத்தில் கூறியிருக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). பிடிக்காமல் இருப்பது மட்டும் போதாது, பயமுறுத்தவும் கூடாது என்று விளங்கியிருக்கிறார்கள். குஞ்சுகளைப் பறிகொடுத்துச் சிறகடித்துத் தவித்த தாய்ப் பறவையைக் கண்டு, குஞ்சுகளைத் திருப்பி வைக்கும்படி நபியவர்கள் கட்டளையிட்ட செய்தி அபூதாவூதில் வருகிறது.

சிலர் "ஹிமா" என்ற ஒதுக்கப்பட்ட மேய்ச்சல் நிலத்தையும் இதற்கு ஆதாரமாகச் சொல்வார்கள். அது குதிரைகளுக்கும் ஸகாத் ஒட்டகங்களுக்கும் ஒதுக்கியது, பறவைக்கு அல்ல. இல்லாததை இருப்பதாகச் சொல்ல வேண்டாம். ஆனாலும் ஒரு நிலத்தை எல்லாருக்குமாக வைத்துக் கண்காணிப்பது எப்படி என்று அதில் படிக்கலாம். உமர் (ரலி) அவர்கள் தம் ஹிமாவின் பொறுப்பாளரிடம், ஒன்றிரண்டு ஒட்டகமும் கொஞ்சம் ஆடும் மட்டும் உள்ள ஏழையைத் தடுக்காதே என்று சொல்லி அனுப்பினார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் முதலில் ஏழையின் ஆட்டைத்தான் விரட்டுகிறோம் அல்லவா?

இனி அந்த எச்சத்துக்கு வருவோம். புறா, சிட்டுக்குருவி போன்ற உண்ண ஆகுமான பறவைகளின் எச்சம் ஹனஃபி மத்ஹபில் அசுத்தமல்ல. ஷாஃபிஈ மத்ஹபில் அசுத்தம்தான். ஆனால் பள்ளிவாசலில் தவிர்க்க முடியாத அளவு விழும்போது, வேண்டுமென்றே மிதிக்காமலும் ஈரம் இல்லாமலும் இருந்தால் மன்னிக்கப்படும். நம் பகுதியில் இரண்டு மத்ஹபினரும் இருக்கிறோம். இரண்டிலும் மரத்தை வெட்டு என்ற தீர்ப்பு இல்லை. ஒரு தகரக் கூரையும், காலையில் ஒரு வாளித் தண்ணீரும் போதுமான விஷயத்துக்குக் கோடாரி எதற்கு? ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்கு தர்மமாகும் என்பது நபிமொழி. முற்றத்து மரத்தை நட்டவர் இப்போது மையவாடியில் இருக்கலாம். வெட்டினால், அவருக்குப் போய்க்கொண்டிருக்கும் நன்மையை நிறுத்துகிறோம்.

மையவாடி விஷயம் இன்னும் தெளிவானது. இரண்டு கப்ருகளின் மேல் நபி (ஸல்) அவர்கள் பச்சைப் பேரீச்ச மட்டையை நட்டு, அது காயாத வரை வேதனை இலேசாக்கப்படலாம் என்று சொன்ன ஹதீஸை நாம் அறிவோம். இதை வைத்துத்தான் கப்ருஸ்தானில் பச்சைப் புல்லையும் செடியையும் வெட்டுவது மக்ரூஹ், காய்ந்ததை அகற்றலாம் என்று இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் ரத்துல் முஹ்தாரில் எழுதினார்கள். நாம் என்ன செய்கிறோம்? பராஅத் இரவு நெருங்கியதும் ஜேசிபியைக் கொண்டுவந்து மொத்தமாக வழித்துவிடுகிறோம், மிச்சத்துக்குத் தீ வைக்கிறோம். கீரிப்பிள்ளையும் ஓணானும் முட்டையில் உட்கார்ந்திருக்கும் கவுதாரியும் அதிலே போகின்றன.

இந்த ஷஅபானுக்கு முன் உங்கள் ஜமாஅத் கூட்டத்தில் ஒன்றை வையுங்கள். வழி நடக்கவும் கப்ரு தோண்டவும் தேவையான இடத்தை மட்டும் கையால் சுத்தம் செய்வது, சீமைக் கருவேலத்தை வேரோடு எடுப்பது, மதில் ஓரம் முழுவதையும் அப்படியே விடுவது, தீ வேண்டாம். காலியான இடத்தில் அழகுச் செடி வேண்டாம், வேம்பு, இலுப்பை, அத்தி போதும். தண்ணீர் தேங்கும் மூலை இருந்தால் மருது வையுங்கள். அத்தி பழுத்தால் குயிலும் குக்குறுவானும் தானாக வரும். உளூச் செய்த தண்ணீர் சாக்கடைக்குப் போகிறதே, அதை ஒரு குழாய் வைத்து அந்தக் கன்றுகளுக்குத் திருப்பலாம். சோப்பு கலக்காத தண்ணீர் அது. முதல் இரண்டு கோடைக்கு மட்டும் யார் பார்த்துக்கொள்வது என்று பெயர் எழுதிக்கொள்ளுங்கள். மத்ரஸா பிள்ளைகளிடம் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்கள்.