சரிவும் வாட்டமும்

நீலகிரியில் புவியியல் நடத்த வரைபடம் தேவையில்லை, சன்னல் போதும். எங்கள் வகுப்பறையிலிருந்து பார்த்தால் எதிர்மலையின் தலையில் சோலை, அதன்கீழ் தேயிலை, நடுச்சரிவில் கேரட்டும் உருளைக்கிழங்கும், அடியில் நீர் தேங்கும் பள்ளம். நிலத்தோற்றம் நிலப்பயன்பாட்டை எப்படித் தீர்மானிக்கிறது என்பதை மாணவர்களே பார்த்து எழுதிவிடுவார்கள்.

சிக்கல் மண்ணரிப்பில்தான் வந்தது. எட்டாம் வகுப்பில், சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும் என்றேன். மேலிருந்து கீழாகப் பாத்தி பிடிப்பது விவசாயிகளின் அறியாமை என்றும் சொல்லிவைத்தேன். ஒரு மாணவி எழுந்தாள்.

“சார், குறுக்கே போட்டா தண்ணி நின்னு கேரட் அழுகிடும்னு அப்பா சொல்வாரு.”

என்னிடம் பதில் இல்லை. மறுநாள் இரண்டு தகரத் தட்டுகளில் தோட்டத்து மண்ணை நிரப்பி, ஒரே அளவாகச் சாய்த்து, ஒன்றில் மேலிருந்து கீழாகவும் மற்றதில் குறுக்காகவும் விரலால் கோடு கீறினோம். பூவாளியால் சம அளவு நீர் ஊற்றினோம். முதல் தட்டிலிருந்து வடிந்தது செம்மண் குழம்பு. இரண்டாவதில் லேசான கலங்கல்தான். ஆனால் கோடுகளில் நீர் குளமாக நின்றது. இன்னும் ஊற்றியதும் மேல் வரப்பு உடைந்தது. அந்த வேகத்தில் கீழிருந்தவையும் வரிசையாகப் போயின. புத்தகமும் சரி, அப்பாவும் சரி!

மூன்றாவது தட்டில் குறுக்குக் கோடுகளுக்கு ஒரு பக்கமாகச் சிறு வாட்டம் கொடுத்து, ஓரத்தில் புல் பதித்த வடிகால் அமைத்தோம். நீர் நிற்கவுமில்லை, மண்ணை அள்ளவுமில்லை. மழை மிகுந்த மலைகளில் படித்தளங்களை உட்புறமாகச் சாய்த்து வெட்டுவதும் இதற்காகத்தான். நீர் வெளிவிளிம்பில் வழியாமல் உள்ளோரக் கால்வாயில் சேர்ந்து மெதுவாக வெளியேறும்.

சரிவைச் சதவீதத்தில் சொல்லும்போது கவனம் தேவை. கிடைமட்டமாக 100 மீட்டருக்கு 33 மீட்டர் உயர்ந்தால் அது 33 சதவீதம். கோணமோ ஏறத்தாழ 18 பாகைதான். மாணவர்கள் இரண்டையும் குழப்புவார்கள். கணித ஆசிரியரையும் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஓடைகள் குந்தா ஆற்றில் சேர்பவை. இங்கே கரையும் மண், கோவைக்குக் குடிநீர் தரும் பில்லூர் அணையில் வண்டலாகப் படிகிறது என்றபோது வகுப்பு அமைதியானது.

அந்த மாணவியின் தந்தையை அழைத்து மூன்றாவது தட்டைக் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இது குத்தகை நிலம். அடுத்த வருசம் எனக்கே கிடைக்குமான்னு தெரியாது. வடிகாலுக்கு யார் செலவு பண்றது?” என்றார்.

அந்தக் கேள்வியைக் குடிமையியல் வகுப்புக்கு எடுத்துவைத்திருக்கிறேன்.