விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

“லேசாத்தான் காயுது. பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வை, விடிஞ்சதும் பாத்துக்கலாம்.” புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளை இருக்கும் வீட்டில் என்னை மிகவும் அஞ்ச வைக்கும் பேச்சு இது. கீமோ ஏற்றிய பிள்ளைக்குப் பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அப்போது கிருமி புகுந்தாலும் சீழ் பிடிக்காமல், தொண்டை சிவக்காமல் போகலாம். பல சமயம் காய்ச்சல் ஒன்றுதான் அறிகுறி. மாத்திரை அதையும் மறைத்துவிடும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நள்ளிரவானாலும் கிளம்பிவிட வேண்டும். வார்டில் நர்ஸ் ரத்தம் எடுத்துக் கிருமிப் பரிசோதனைக்கு (கல்ச்சர்) அனுப்பிவிட்டு, முடிவு வரக் காத்திராமல், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக்கை ஏற்றப் பார்ப்பார். காய்ச்சலை அக்குளில் பார்த்தால் போதும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கவே கூடாது. அங்கே படும் சிறு கீறல் வழியாகவே கிருமி ரத்தத்தில் கலந்துவிடும்.

வயிறு உப்பினால் குடலேற்றம் என்று எண்ணெய் தடவி உருவி விடுவது நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. சிறு பிள்ளைகளின் சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் என்ற புற்றுக்கட்டியும் பல நேரம் அம்மா குளிப்பாட்டும்போது வயிற்றில் கெட்டியாகத் தட்டுப்படுவதுதான். அதை அழுத்தினால் கட்டி உடைந்து வயிற்றுக்குள் சிதறலாம்; சிதறிவிட்டால் கதிர்வீச்சும் கடுமையான மருந்துகளும் தேவைப்படும். கட்டிலின் தலைமாட்டில் ‘வயிற்றை அழுத்தாதீர்கள்’ என்று எழுதி மாட்டுவது இதற்காகத்தான். பார்க்க வரும் சொந்தக்காரர்களுக்கு மட்டுமல்ல, பாடம் படிக்க வரும் மருத்துவ மாணவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த எழுத்து.

புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. கீமோ ஏற்றிய முதல் 48 மணி நேரம் சிறுநீர்த் துணியை மாற்றும்போது கையுறை போடச் சொல்வது, அதில் கலந்து வெளியேறும் மருந்துக்காக. அம்மா மடியில் தூக்கி வைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

பத்தியம் என்ற பெயரில் முட்டையையும் மீனையும் நிறுத்திவிடுகிறார்கள். எடை குறைந்த பிள்ளை மருந்தைத் தாங்காது. நன்றாக வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் ஊட்டினால் வீட்டுச் சாப்பாட்டில் அஞ்ச ஒன்றுமில்லை. தட்டணுக்களைக் கூட்டுவதற்காகப் பச்சையாக அரைத்துக் கொடுக்கும் பப்பாளி இலைச் சாறுதான் வேண்டாம். காய்ச்சாத சாற்றோடு கிருமியும் உள்ளே போகும்.

“சின்னப் பிள்ளைக்கு என்ன புரியும், சொல்லாதீங்க” என்பார்கள். சொல்லாமல் முதுகில் ஊசி போட்டால், அடுத்த முறை வார்டு வாசலிலேயே பிள்ளை அலறும். நல்ல நர்ஸ் முதலில் பொம்மையின் முதுகில் போட்டுக் காட்டுவார். ஒரு மணி நேரம் முன்பே மரத்துப்போகும் களிம்பைத் தடவிவைப்பார். கடும் வலிக்கு மருத்துவர் அளவு பார்த்துத் தரும் மார்ஃபினால் பிள்ளை போதைக்கு அடிமையாகிவிடும் என்ற பயமும் வேண்டாம்.

‘வந்தால் பிழைக்காது’ என்பதுதான் எல்லாவற்றிலும் பழைய நம்பிக்கை. வசதியான நாடுகளில் 80 சதவீதத்துக்கும் மேலான பிள்ளைகள் குணமாகிறார்கள். நம்மைப் போன்ற நாடுகளில் கணக்கு குறைவதற்கு முக்கியமான ஒரு காரணம், சிகிச்சையைப் பாதியில் விடுவது. பிள்ளைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய்க்கு 2 முதல் 3 ஆண்டுகள் மருந்து தேவை. சில மாதங்களில் முடி முளைத்து, முகம் தெளிந்து, பிள்ளை ஓடியாடத் தொடங்கியதும் ‘சரியாயிடுச்சு’ என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சியிருக்கும் செல்களை ஒழிக்கத்தான் அந்த மாத்திரை. வரவேண்டிய நாளில் பிள்ளை வரவில்லையென்றால் வார்டிலிருந்து போன் வரும். தயவுசெய்து எடுத்துப் பேசுங்கள். பஸ் காசு இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள்.