பரணில் உறங்கும் பழைய மின்சாதனங்கள்

மின்விசிறி, மிக்ஸி, சலவை இயந்திரம், கைப்பேசி என நாம் வாங்கும் ஒவ்வொரு மின்சாதனத்திற்கும் ஓர் ஆயுட்காலம் உண்டு. அது முடிந்ததும் அப்பொருள் பரணுக்கு ஏறுகிறது. வீட்டை ஒழுங்கு செய்யும் நாளில் காயலான் கடைக்குச் செல்கிறது. எடைக்கேற்பச் சிறு தொகை கைக்கு வந்தவுடன் நம் கடமை முடிந்ததென எண்ணுகிறோம். ஆனால், அதன்பின் அப்பொருள் எவர் கையைச் சேர்கிறது என்பதில்தான் நன்மையும் தீமையும் அடங்கியுள்ளன.

தில்லியின் சீலம்பூரும் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தும் மின்னணுக் கழிவைப் பிரித்தெடுக்கும் முறைசாராத் தொழிலுக்குப் பெயர்பெற்ற இடங்கள். இத்தொழிலில் செம்புக்காக மின்கம்பிகளின் மேலுறை எரிக்கப்படுகிறது; பொன்னுக்காக மின்சுற்றுப் பலகைகள் அமிலத்தில் இடப்படுகின்றன. நச்சுப்புகையைச் சுவாசிப்பவர்கள் தொழிலாளர்கள். எஞ்சிய அமிலம் கலப்பது மண்ணிலும் நீரிலும். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியின் கண்ணாடியில் ஈயமும், குழல்விளக்கில் பாதரசமும் உள்ளன. பொன், செம்பு, அலுமினியம் ஆகியவற்றை முறையான ஆலைகளில் பாதுகாப்பாக மீட்க இயலும். எனினும், 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் உருவான 6.2 கோடி டன் மின்னணுக் கழிவில், முறைப்படி மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே என ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது.

நம் நாட்டில் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022, கடந்த 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. 106 வகைச் சாதனங்களுக்கு இவை பொருந்தும். பழைய பொருள்கள் மறுசுழற்சி பெறுவதை உறுதிசெய்யும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உரியது. அப்பொறுப்பு நிறைவேற, நாமும் பொருளை உரிய இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

நாம் பின்பற்ற வேண்டியவை:

1. பழுதுபார்த்துப் பயன்படுத்த இயலுமா, பிறருக்கு உதவுமா என முதலில் ஆராய வேண்டும்.

2. கைப்பேசியைக் கொடுக்குமுன் முக்கியத் தகவல்களை நகலெடுத்துக்கொண்டு, யுபிஐ பதிவை நீக்கி, வங்கிச் செயலிகளிலிருந்தும் மின்னஞ்சலிலிருந்தும் வெளியேற வேண்டும். சிம் அட்டையையும் மெமரி கார்டையும் அகற்றியபின் ஃபேக்டரி ரீசெட் செய்தல் அவசியம். இயங்காத கைப்பேசியில் தகவல்கள் அழிந்துவிட்டதாகக் கருதலாகாது. அதை அறியாதவரிடம் விற்காமல், பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடமே அளிக்க வேண்டும்.

3. பொருளை நாமே உடைக்கலாகாது. உப்பிய பேட்டரியைத் துளைத்தாலோ அழுத்தினாலோ தீப்பற்றக்கூடும். குளிர்பதனப் பெட்டியின் குழாயை வெட்டினால் அதிலுள்ள வாயு வெளியேறும். குழல்விளக்கை உடையாமல் தாளில் சுற்றி வைக்க வேண்டும்.

4. உற்பத்தியாளரின் இணையதளத்திலோ வாடிக்கையாளர் சேவை எண்ணிலோ சேகரிப்பு மையங்களை அறியலாம். மறுசுழற்சியாளர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். புதிய பொருள் வாங்கும்போது பழையதைக் கொடுத்தால், அது எங்கே அனுப்பப்படும் எனக் கேட்பதும் நம் உரிமையே.

5. ஒப்படைத்தமைக்கு ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும்.

முறையான மையத்தில் கிடைக்கும் தொகை, காயலான் கடையில் கிடைப்பதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால், அங்கே கூடுதலாகக் கிடைக்கும் சில ரூபாய்க்கு முகமறியாத ஒரு தொழிலாளியின் உடல்நலமும், சில வேளைகளில் நம் கணக்கின் பாதுகாப்பும் விலையாகின்றன. பரணிலிருந்து ஒரு பொருளை இறக்கும்போது இக்கணக்கையும் நாம் நினைவிற்கொள்வோம்.