நகரக் குப்பையும் தரம் பிரித்தலும்

இயற்கையில் குப்பை என்று தனியாக ஒன்றில்லை. காட்டில் உதிரும் இலை மண்ணில் விழுந்து மட்கி மீண்டும் மரத்திற்கே உணவாகிறது. விலங்கின் கழிவு செடிக்கு உரமாகிறது. கிராம வாழ்க்கையும் நெடுங்காலம் இச்சுழற்சிக்கு உட்பட்டே நடைபெற்று வந்தது. சாணமும் சருகும் சாம்பலும் எருக்குழியை அடைந்தன. அங்கிருந்து வயலுக்குத் திரும்பின. நகரங்கள் பெருகியபோது இச்சுழற்சி அறுபட்டது. வயலில் விளைந்தவை நாள்தோறும் வண்டி வண்டியாக நகருக்குள் வருகின்றன. ஆனால் அவற்றின் எச்சம் பெரும்பாலும் வயலுக்குத் திரும்புவதில்லை. அது ஊரின் எல்லையில் மலையாகக் குவிகிறது.

அம்மலையைக் கரைக்கப் பெரிய இயந்திரங்களே வேண்டும் என்பது பலருடைய எண்ணம். இந்திய நகரங்கள் சென்ற சில பத்தாண்டுகளில் பெற்ற அனுபவமோ வேறொரு பாடத்தைக் கற்பிக்கிறது. குப்பை பயன் தருமா, தீங்கு தருமா என்பது, அது பிறக்கும் இடமாகிய சமையலறையிலும் கடையின் பின்கட்டிலும் ஒன்றோடொன்று கலக்கப்படுகிறதா இல்லையா என்பதைப் பொறுத்ததாகும். இதற்கான விஞ்ஞானக் காரணங்களும், குடிமக்களும் வாணிபர்களும் செய்யத்தக்க காரியங்களும் இங்கே விளக்கப்படுகின்றன.

குப்பையின் வகைகள்

நகரக் குப்பையில் அடங்கியுள்ள பொருள்களை மூன்று வகையாகப் பகுக்கலாம். முதலாவது, எளிதில் மட்கும் ஈரக் குப்பை: காய்கறித் தோல், எஞ்சிய சோறு, பழச்சக்கை, தேயிலைச் சக்கை, வாடிய பூ, வாழையிலை முதலியன. இந்திய நகரங்களில் குப்பையின் எடையில் ஏறக்குறைய பாதி இவ்வகையைச் சேர்ந்தது. இரண்டாவது, உலர்ந்த குப்பை: காகிதம், அட்டை, கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக், ரப்பர் முதலியன. மூன்றாவது, அளவிற் சிறியதாயினும் நஞ்சு பொதிந்தது: தீர்ந்த பாட்டரி, பழுதான குழல் விளக்கு, காலங்கடந்த மருந்து, பூச்சிமருந்து டப்பா, ஊசி முதலியன. 2016ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், இம்மூன்றையும் பிறக்கும் இடத்திலேயே பிரித்து வைத்து ஒப்படைக்க வேண்டும் என்று வகுத்தன.

தனித்தனியே இருக்கும்வரை ஒவ்வொரு வகைக்கும் உரிய வழி உண்டு. ஈரக் குப்பை எருவாகும், அல்லது எரிவாயு தரும். உலர்ந்த குப்பை ஆலைக்குச் சென்று மீண்டும் பண்டமாகும். நஞ்சுப் பொருள்களைப் பாதுகாப்பாக அகற்றிவிடலாம். கலந்த மாத்திரத்தில் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கிறது. சோற்று நீர் ஊறிய காகிதம் காகித ஆலைக்கு உதவாது. கண்ணாடிச் சில்லு கலந்த எருவை உழவர் தம் நிலத்தில் இட இசையமாட்டார்.

நஞ்சுப் பொருள்களால் விளையும் கேடு இன்னும் நுட்பமானது. நகரக் குப்பையிலிருந்து செய்யப்படும் எருவில் ஒரு கிலோவிற்கு 0.15 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருத்தலாகாது என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி வகுக்கப்பட்ட அளவு. கைக்கு அடக்கமான சிறு குழல் விளக்கு ஒன்றில் சுமார் 3 மில்லிகிராம் பாதரசம் இருப்பதாகக் கொள்வோம். அது முழுவதும் எருவில் தங்கிவிடுமாயின், 20 கிலோ எருவை அவ்வெல்லைக்குக் கொண்டுவர அந்த ஒரு விளக்கே போதும். அதை எறிவதற்கு ஒரு விநாடி போதும். எருவிலிருந்து திரும்ப எடுப்பதோ நடைமுறையில் இயலாத காரியம்.

கலந்த குப்பை குவிவதால் விளையும் தீமைகள்

கலந்த குப்பை பெருங்குவியலாகக் கொட்டப்படும்போது அதன் உட்பகுதிக்குக் காற்று எட்டுவதில்லை. பிராணவாயு இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அங்கே பெருகி, ஈரக் குப்பையைச் சிதைத்து மீதேன் வாயுவை உண்டாக்குகின்றன. இவ்வாயு எளிதில் தீப்பற்றக்கூடியது. காற்று மண்டலத்தில் வெப்பத்தைத் தேக்கிவைப்பதில், நூறாண்டுக் கணக்கில், சம எடையுள்ள கரியமிலவாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு ஆற்றல் உடையது. அன்றியும், குவியலின் வழியாக இறங்கும் மழைநீர் அழுகிய பொருள்களையும் உலோக நஞ்சுகளையும் கரைத்துக்கொண்டு கருநிற நீராக வெளிப்பட்டு நிலத்தடி நீரில் கலக்கிறது.

மும்பையின் தேவ்நார் குப்பை மேடு 1927ஆம் ஆண்டு முதல் பயன்பட்டு வந்தது. 2016ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அங்கே மூண்ட தீ பல நாட்கள் புகைந்தது. விண்ணிலிருந்து செயற்கைக் கோள்கள் எடுத்த படங்களிலும் அப்புகை தெரிந்தது. அண்டைப் பகுதிப் பள்ளிகள் மூடப்பட்டன. தில்லியின் காஜிப்பூர் மேடு 1984இல் தொடங்கியது. அதன் கொள்ளளவு 2002லேயே நிரம்பிவிட்டபோதிலும் குப்பை கொட்டுதல் தொடர்ந்தது. 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் அம்மேட்டின் ஒரு பகுதி சரிந்து சாலையில் சென்றோரைக் கால்வாயில் தள்ளியது, இருவர் உயிரிழந்தனர். குப்பையை எறிந்தவர்கள் நகரெங்கும் இருந்தனர். அதன் தீமையை அனுபவித்தவர்கள் அம்மேட்டின் அடிவாரத்தில் வாழ்ந்தவர்களும் அவ்வழியே சென்றவர்களுமே.

குப்பையை எரித்து மின்சாரம் எடுத்தால் என்ன என்ற கேள்வி எழலாம். தில்லியில் திமார்ப்பூர் என்னுமிடத்தில் 1987ஆம் ஆண்டு நிறுவப்பட்ட எரியுலை இக்கேள்விக்கு ஓர் எச்சரிக்கையாக அமைந்தது. நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரித்து 3.75 மெகாவாட் மின்சாரம் தரும் என்ற எதிர்பார்ப்புடன் அது கட்டப்பட்டது. ஒரு கிலோ குப்பையிலிருந்து 1,400 கிலோ கலோரிக்கு மேல் வெப்பம் கிடைக்கும் என்பது திட்டத்தின் கணக்கு. வந்து சேர்ந்த குப்பையிலோ 600 முதல் 700 கிலோ கலோரி அளவே இருந்தது. உலை விரைவில் நின்றுவிட்டது.

இதன் காரணம் எளிது. ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறக்குறைய 540 கிலோ கலோரி வெப்பம் தேவை. ஒரு கிலோ குப்பையில் பாதி நீராயின், அந்நீரைக் கொதிநிலைக்குக் கொணர்ந்து ஆவியாக்குவதற்கே சுமார் 300 கிலோ கலோரி செலவாகிவிடும். ஈர விறகில் சமைக்க முயன்றவர் எவரும் இதனை அறிவர்.

மட்குதல் என்னும் வேதியியல்

ஈரக் குப்பை தனியே கிடைக்குமாயின் அதை எருவாக்குதல் பழமையான கலையே. இக்கலையை விஞ்ஞான முறைப்படி ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் தாவரவியல் அறிஞர். 1924 முதல் 1931 வரை இந்தூரிலிருந்த தாவரத் தொழில் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அவர், பயிர்க் கழிவையும் சாணத்தையும் அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காத்து, இடையிடையே கிளறிவிட்டு ஏறக்குறைய மூன்று மாதங்களில் எருவாக்கும் முறையை வகுத்தார். அம்முறை ‘இந்தூர் முறை’ என்ற பெயரால் உலகெங்கும் அறியப்படுகிறது.

இதில் வேலை செய்வன நுண்ணுயிர்களே. அவற்றிற்கு மூன்று தேவைகள் உண்டு. முதலாவது உணவு: கார்பன் சுமார் 25 முதல் 30 பங்கிற்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்ற விகிதம் அவற்றிற்கு ஏற்றது. காய்கறிக் கழிவில் நைட்ரஜன் மிகுதி. சருகிலும் மரத்தூளிலும் கார்பன் மிகுதி. ஆகவே இரண்டையும் சேர்த்து இடுகிறார்கள். இரண்டாவது ஈரம்: எடையில் 50 முதல் 60 சதவிகிதம் வரை. மூன்றாவது காற்று. இம்மூன்றும் பொருந்தியவிடத்துக் குவியலின் வெப்பநிலை 55 பாகைக்கு மேல் உயர்கிறது. அவ்வெப்பம் சில நாட்கள் நிலைத்தால் நோய்க் கிருமிகளும் களை விதைகளும் பெரும்பாலும் அழிகின்றன. காற்றுப் புகாத கலத்தில் இதே குப்பையை அடைத்தால் மீதேன் கிடைக்கிறது. குப்பை மேட்டில் தீமையாக இருந்த அவ்வாயு, கலத்தில் அடைபட்டு அடுப்பிற்கும் வண்டிக்கும் எரிபொருளாகிறது.

இந்தூர் நகரின் அனுபவம்

ஹோவர்டு ஆராய்ந்த அதே இந்தூர் நகரம், பல பத்தாண்டுகளுக்குப் பின்னர் நகரக் குப்பைக்கும் எடுத்துக்காட்டாயிற்று. 2016ஆம் ஆண்டில் அந்நகராட்சி முதலில் சில வார்டுகளிலும், பின்னர் நகர் முழுவதிலும் வீடுதோறும் குப்பை பெறும் முறையைத் தொடங்கியது. வண்டிகளில் ஈரக் குப்பைக்கும் உலர்ந்த குப்பைக்கும் நஞ்சுக் குப்பைக்கும் தனித்தனி அறைகள் அமைக்கப்பட்டன. தெருமுனைக் குப்பைத் தொட்டிகள் அகற்றப்பட்டன. கலந்து கொணர்ந்தவர்களுக்குத் தொண்டர்கள் பொறுமையுடன் எடுத்துக் கூறினர். மீண்டும் மீண்டும் தவறியவர்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது.

2017ஆம் ஆண்டு தொடங்கித் தேசியத் தூய்மைக் கணக்கெடுப்பில் அந்நகரம் ஆண்டுதோறும் முதலிடம் பெற்று வந்தது. தேவகுராடியா என்னுமிடத்தில் பல ஆண்டுகளாகக் குவிந்திருந்த, பத்து லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட பழைய குப்பை 2018ஆம் ஆண்டளவில் சலித்துப் பிரிக்கப்பட்டு, சுமார் 100 ஏக்கர் நிலம் மீட்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் அங்கே ஒரு பெரிய எரிவாயு ஆலை திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 550 டன் ஈரக் குப்பையைப் பெற்று, ஏறக்குறைய 17 டன் எரிவாயுவும் 100 டன் எருவும் தரும் வகையில் அது அமைக்கப்பட்டது. அவ்வாயு நகரப் பேருந்துகளை ஓட்ட உதவுகிறது.

திமார்ப்பூர் உலையையும் இந்தூர் ஆலையையும் ஒப்பிட்டு நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். கலந்து வந்த குப்பை ஓர் ஆலையை நிறுத்தியது. பிரித்து வந்த குப்பை மற்றோர் ஆலைக்கு மூலப்பொருளாயிற்று. இந்தூர் ஆலையின் முதற்கட்ட வேலை இல்லத்தரசியின் கையால் சமையலறையிலேயே முடிந்துவிடுகிறது.

வாணிப நிறுவனங்களின் பங்கு

உணவு விடுதி, காய்கறிச் சந்தை, திருமண மண்டபம், மருத்துவமனை, அலுவலகம் ஆகியன ஒரே இடத்தில் மிகுந்த குப்பையை உண்டாக்குகின்றன. நாளொன்றுக்குச் சராசரி 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்குவோரை 2016ஆம் ஆண்டு விதிகள் தனி வகுப்பினராகக் கொண்டன. பெரிய விடுதிகளும் சந்தைகளும் ஈரக் குப்பையை இயன்றவரை தம் வளாகத்திலேயே எருவாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்றும், நூறு பேருக்கு மேற்பட்டோர் கூடும் விழாக்களை நடத்துவோர் நகராட்சிக்கு முன்னறிவிப்புக் கொடுத்துக் குப்பையைப் பிரித்துவைக்க வேண்டும் என்றும் அவை கூறின.

இது வெறுஞ் செலவன்று. நாள்தோறும் 100 கிலோ உணவுக் கழிவு உண்டாகும் விடுதி, நன்கு இயங்கும் வாயுக் கலத்திலிருந்து 8 முதல் 10 கனமீட்டர் வரை எரிவாயு பெறலாம். அது சுமார் 4 கிலோ சமையல் வாயுவுக்கு ஈடாகும்; ஆகவே நான்கு நாட்களில் ஒரு வீட்டு உருளை அளவு எரிபொருள் மிச்சமாகும். இந்தூரின் சோயித்ராம் காய்கறிச் சந்தையிலேயே அழுகிய காய்கறிகளைக் கொண்டு எரிவாயு எடுக்கும் ஆலை அமைக்கப்பட்டது.

குப்பையைப் பிரிப்பதினும் மேலானது அதைக் குறைப்பது. ஒரு முறை பயன்படுத்தி எறியப்படும் பிளாஸ்டிக் தட்டு, குவளை, கரண்டி, உறிஞ்சு குழல் போன்றவற்றின் உற்பத்தியும் விற்பனையும் 2022ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டன. வாழையிலையும் எவர்சில்வர்த் தம்ளரும் பழகிய நாட்டில் இத்தடையை ஏற்பது கடினமன்று.

இல்லத்தார் செய்யத்தக்கவை

நால்வர் கொண்ட குடும்பத்தில் நாளொன்றுக்கு ஒரு கிலோ ஈரக் குப்பை சேருமாயின், ஆண்டில் அது 365 கிலோ ஆகும். இதை வீட்டிலேயே எருவாக்க ஒரு மண்பானையோ மூடியுள்ள வாளியோ போதும். பக்கங்களிலும் அடியிலும் சிறு துளைகள் இடுதல் வேண்டும். அடியில் சருகு அல்லது தென்னைநார்த் தூளைப் பரப்ப வேண்டும். காய்கறிக் கழிவைச் சிறு துண்டுகளாக்கி இட்டு, ஒவ்வொரு முறையும் சருகினால் மூடவேண்டும். சில நாட்களுக்கு ஒருமுறை கிளறிவிடுதல் நன்று.

கையில் ஒரு பிடி எடுத்து அழுத்தினால் ஓரிரு துளி நீர் கசிவது சரியான ஈரம். துர்நாற்றம் வீசினால் ஈரம் மிகுந்து காற்று குறைந்துவிட்டது என்பது பொருள். மேலும் சருகு இட்டுக் கிளற வேண்டும். மட்குதல் நின்றுவிட்டால் சிறிது நீர் தெளிக்க வேண்டும். பானை நிரம்பியபின் அதை ஒதுக்கி வைத்து இரண்டாவது பானையைத் தொடங்கலாம். இரண்டு மூன்று மாதங்களில் முதற்பானையில் கரும்பழுப்பு நிறமும் மண்வாசனையும் கொண்ட எரு ஆயத்தமாகும்.

இது பெருமளவில் நடைபெறக்கூடியதா என்னும் ஐயத்திற்குக் கேரளத்தின் ஆலப்புழை நகரம் விடை பகர்கிறது. நகரக் குப்பையைத் தம் ஊரில் கொண்டுவந்து கொட்டுவதை அண்டைக் கிராமத்து மக்கள் எதிர்த்தமையால், 2012ஆம் ஆண்டில் அந்நகரம் புதிய வழி தேட வேண்டியதாயிற்று. வீடுகளில் எருக் குழாய்களும் வாயுக் கலங்களும், தெருக்களில் பொது எருத் தொட்டிகளும் அமைக்கப்பட்டன. கிராமத்தார் மறுத்ததே நகரத்தாருக்கு வழிகாட்டியது.

குப்பையைத் தொடும் கைகள்

தரம் பிரித்தலுக்கு விஞ்ஞானத்திற்கு அப்பாற்பட்ட ஒரு காரணமும் உண்டு. வீட்டில் பிரிக்கப்படாத குப்பையை எங்கேனும் ஒருவர் தம் கையால் பிரிக்கிறார். அழுகிய சோற்றுக்கிடையே கண்ணாடிச் சில்லும் ஊசியும் அக்கையில் தைக்கின்றன. புணே நகரில் குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள், அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள், 2008ஆம் ஆண்டில் ‘ஸ்வச்’ என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். நகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு வீடுதோறும் சென்று குப்பை பெறுகின்றனர். அதற்கான கட்டணத்தையும், உலர்ந்த பொருள்களை விற்ற தொகையையும் ஊதியமாகப் பெறுகின்றனர். பிரித்துக் கொடுக்கப்படும் வாளி அவர்களுக்குப் பாதுகாப்பையும் வருவாயையும் ஒருங்கே தருகிறது.

வீட்டார் பிரித்தளித்ததை நகராட்சி வண்டி மீண்டும் ஒன்றாகக் கலக்குமாயின் மக்களின் முயற்சி வீணாகும்; ஊக்கமும் குன்றும். ஆகவே தனி அறைகள் உள்ள வண்டியும், தவறாத நேரமும், இயங்கும் ஆலையும் நகராட்சியின் கடமைகள். ஆயினும் அவை அனைத்தும் செவ்வனே அமைந்தாலும், கலந்துவிட்ட குப்பையை அவற்றால் முழுவதும் திருத்த இயலாது. சமையலறையில் ஒரு வாளிக்குப் பதில் இரண்டு வாளியும், நஞ்சுப் பொருளுக்கென ஒரு சிறு பெட்டியும் வைப்பதே நகரத்தின் தூய்மைக்கு முதற்படியாகும்.