தை, மாசிக்குள் பழவேற்காட்டுக்கு ஒரு நாள்

தீவு பார்க்க வேண்டும் என்றால் நமக்கு ராமேஸ்வரமும் அந்தமானும்தான் நினைவுக்கு வருகின்றன. எண்ணூர் முகத்துவாரத்தில் தொடங்கி பழவேற்காடு முகத்துவாரம் வரை நீளும் மணல்திட்டும் ஒரு தீவுதான் என்பது திருவொற்றியூர்க்காரர்களுக்கே மறந்துபோய்விட்டது. கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் உப்பங்கழியும். அதன் தென்பகுதியில் இன்று காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளி துறைமுகமும் இருக்கின்றன. வடமுனையில் லைட்ஹவுஸ் குப்பம், அதற்கு அந்தப் பக்கம் பழவேற்காடு ஏரி. அந்த வடமுனைக்குப் போய்வர இதுதான் காலம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியாறு கொண்டுவரும் வெள்ளம் ஏரியை நிரப்பிவிடும். தை பிறந்ததும் நீர் மெல்ல வடிந்து, முழங்கால் ஆழத்துக்கும் குறைவான சேற்றுப் பரப்புகள் தெரிய ஆரம்பிக்கும். பூநாரைகளுக்கு வேண்டியது அந்த ஆழம்தான். பங்குனி வெயில் ஏறிவிட்டால் பறவையும் குறையும், நமக்கும் அங்கே ஒதுங்க நிழல் கிடைக்காது. அதனால் மாசி முடிவதற்குள் நாளைக் குறித்துவிடுங்கள். காணும் பொங்கல் அன்று மட்டும் வேண்டாம். அன்றைய கூட்டத்தில் ஏரியைப் பார்க்க முடியாது. அடுத்து வரும் வார நாள் ஒன்றில் ஷிப்டு மாற்றிக்கொள்ள முடிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

சாலையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே குழந்தையை முன்னால் உட்காரவைத்து பைக்கில் போவது விஷப்பரீட்சை. கும்மிடிப்பூண்டி மார்க்கத்து லோக்கல் ரயில் நம் வாசல் வழியாகத்தான் போகிறது. கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று எங்கே ஏறினாலும் பொன்னேரியில் இறங்கி, பழவேற்காட்டுக்குப் பேருந்து பிடிக்கலாம். ராயபுரத்துக்காரர்கள் கடற்கரை நிலையத்திலிருந்து புறப்படும் வண்டியைப் பார்த்து ஏறுங்கள். விடியற்காலை வண்டியே நல்லது. மார்கழி, தைப் பனியில் வெளிச்சம் வர நேரமாகும். ஆனால் வெயில் ஏறுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில்தான் பறவைகள் நிம்மதியாக மேயும்.

பூநாரை இரை தேடுவதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். காலால் சேற்றை மிதித்துக் கலக்கும். கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைக்கும். நாக்கை உந்தி உந்தித் தண்ணீரை உள்ளிழுத்து வெளியே தள்ளும். சின்னஞ்சிறு உயிர்கள் அலகின் ஓரச் சீப்புகளில் தங்கிவிடும். அந்த இரையில் இருக்கும் நிறமிதான் இறகில் ரோஜா நிறமாக ஏறுகிறது. அவை பறப்பதைப் பார்ப்பதற்காகக் கல்லெறிவதும் கைதட்டிக் கத்துவதும் கூடாது. கூட்டம் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அன்றைக்குத் தின்ற இரையின் பலன் வீணாகிறது.

இனி முக்கியமான எச்சரிக்கை. உல்லாசப் படகுச் சவாரிக்கு யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு இங்கே கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. மீன்பிடிப் படகு வலைக்கும் நாலு ஆளுக்கும் கட்டப்பட்டது. செல்ஃபி எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நின்றால் அது தாங்காது. முகத்துவாரத்தில் குளிக்கவும் இறங்காதீர்கள். மேலே கண்ணாடி போலத் தெரியும் தண்ணீர், வற்றம் தொடங்கியதும் ஏரியிலிருந்து கடலை நோக்கி இழுக்கும். ‘நான் காசிமேட்டில் பிறந்தவன், எனக்கு நீச்சல் தெரியும்’ என்ற தைரியம் அந்த இடத்தில் உதவாது.

கரையிலேயே பார்க்க நிறைய இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டை இப்போது புதர் மூடிய மேடு. அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை பாதுகாத்து வருகிறது. வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. பயப்படும் பிள்ளைகளிடம், சென்னைக்குக் கோட்டை வருவதற்கு முன்பே துணி வியாபாரம் நடந்த பட்டினம் இது என்று சொல்லுங்கள். ஊர்ப் பெண்கள் பனை ஓலையில் முடையும் பெட்டிகளை அவர்களிடமே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள்.

உப்பங்கழியில் இடுப்பளவு தண்ணீரில் பெண்கள் குனிந்து நகர்வதைப் பார்ப்பீர்கள். ஓலைப் பறியைப் பல்லில் கடித்தபடி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். எண்ணூர்க் கழியிலும் இதே தொழில் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்தபோது அங்கே கை வைக்க முடியாமல் போனது. பழவேற்காடு இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. நீங்கள் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டிலும் பிரியாணிப் பொட்டலமும் அந்தச் சேற்றில்தான் போய்ச் சேரும் என்பதால், ஒரு பையை எடுத்துப்போய் எல்லாவற்றையும் திரும்ப வீட்டுக்கே கொண்டுவாருங்கள்.

இறாலும் நண்டும் வாங்க நினைப்பவர்கள் ஐஸ் பெட்டியோடு போங்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் மீனவர்களைக் கடலுக்கு விடமாட்டார்கள். மீன் குறைவாக இருக்கும். ஆனால் ராக்கெட் மேலெழுவது கரையிலிருந்தே நன்றாகத் தெரியும். எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் கொடியில் காய்ந்த துணியை ஒரு தரம் உதறிவிட்டுத்தான் மடிக்கிறோம். அப்படிச் சாம்பல் படிகிறது. இந்தக் காற்றிலேயே வளரும் பிள்ளைகளுக்கு ஒரு நாளாவது அந்த ஏரிக்கரையைக் காட்டுவது நம் கடமை. முதியவர்களுக்குக் குடையும், குழந்தைகளுக்குத் தொப்பியும், ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீரும் மறக்க வேண்டாம். இரவு தங்க வசதி குறைவு. பழவேற்காட்டில் இறங்கியதுமே, பொன்னேரிக்குத் திரும்பும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.