ட்ரெய்லரில் கரண்ட் சிக்கனம்: செல்போன் முதல் கேமரா வரை

காருக்குப் பின்னால் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு அமெரிக்க நேஷனல் பார்க்குகளுக்குக் கிளம்பும் தோழிகளே! யோசமிட்டி கேம்ப்கிரவுண்டுகள் எதிலும் கரண்ட் கனெக்‌ஷன் கிடையாது. அத்தனை பெரிய யெல்லோஸ்டோனிலும் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றில்தான் உண்டு. மற்ற இடங்களில் ட்ரெய்லரின் முன்பக்கம் இருக்கும் பேட்டரியை நம்பித்தான் மொத்தக் குடும்பத்தின் போனும் டேப்லெட்டும் கேமராவும் ஓட வேண்டும். ஓட்டிவிடலாம், கவலை வேண்டாம்.

1. முதலில் நல்ல சேதி: செல்போன் பேட்டரியை அதிகம் குடிக்காது. காலியான போனை முழுசாக ஏற்ற 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 2 ஏ.எச். (ஆம்பியர்-ஹவர்) போதும், டேப்லெட்டுக்கு 3, லேப்டாப்புக்கு 5 அல்லது 6. ட்ரெய்லர்களில் சாதாரணமாக இருக்கும் குரூப் 24 பேட்டரியில் 75 முதல் 80 ஏ.எச். இருக்கும். லெட்-ஆசிட் என்றால் அதில் பாதியைத்தான் தொடலாம், ஆனாலும் நாலு பேர் போனுக்குத் தாராளம்.

2. அப்படியென்றால் விடிவதற்குள் பேட்டரி எங்கே போகிறது? ஃபர்னஸுக்குத்தான்! எரிவது கேஸ் என்றாலும் சூடான காற்றைத் தள்ளும் ஃபேன் 7 ஆம்பியர் வரை இழுக்கும். குளிர் இரவில் மொத்தமாக நாலு மணி நேரம் ஓடினாலே 28 ஏ.எச். காலி. தெர்மோஸ்டாட்டை நாலைந்து டிகிரி குறைத்துவிட்டு, ஆளுக்கொரு கம்பளி கூடுதலாகக் கொடுத்துவிடுங்கள்.

3. போன் சார்ஜ் செய்ய இன்வெர்ட்டரைப் போடுவது, ஒரு டம்ளர் காபிக்குக் கல்யாண அண்டாவில் பால் காய்ச்சுவது மாதிரி. 12 வோல்ட்டை 120 ஆக ஏற்றி, சார்ஜர் அதை மறுபடி 5 வோல்ட்டாக இறக்குவதற்குள் இரண்டு இடத்தில் கரண்ட் சூடாகி வீணாகிறது. அதுமட்டுமல்ல, பெரிய 2,000 வாட் இன்வெர்ட்டர் எதுவும் மாட்டாமல் சும்மா இருந்தாலே ஒரு ஆம்பியர், சிலது இரண்டு ஆம்பியர்கூடத் தின்னும். இரவு முழுக்க அணைக்காமல் விட்டால் ஐந்தாறு போனுக்கான சார்ஜ் சும்மாவே போய்விடும்.

4. காரில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுகிறோமே, அதே யு.எஸ்.பி. சார்ஜர் ட்ரெய்லரிலும் வேலை செய்யும். டைப் சி ஒன்று, பழைய யு.எஸ்.பி. ஒன்று என இரண்டு துளை உள்ளதாக வாங்கினால் புது போன், பழைய போன் இரண்டுக்கும் ஆச்சு.

5. “எங்கள் ட்ரெய்லரில் அந்த சாக்கெட்டே இல்லையே” என்பவர்கள் டி.வி. மாட்டும் இடத்தைப் பாருங்கள். ஆன்டெனா பூஸ்டர் சுவிட்ச் இருக்கும் பிளேட்டிலேயே பல மாடல்களில் 12 வோல்ட் சாக்கெட்டும் இருக்கும். பார்க்கும்போதே அந்த பூஸ்டரின் குட்டி விளக்கு எரிகிறதா என்றும் கவனியுங்கள், டி.வி. பார்க்காத நாளில் அது வெட்டிச் செலவு.

6. நிஜமாகவே சாக்கெட் இல்லையா? பேட்டரி முனைகளில் கவ்விக்கொள்ளும் கிளிப் வைத்த சாக்கெட் ஆட்டோ பார்ட்ஸ் கடைகளில் விலை மலிவாகக் கிடைக்கும். சிவப்பு வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஃபியூஸ் இல்லாததை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

7. லேப்டாப்புக்கும் இன்வெர்ட்டர் தேவையில்லை, டைப் சி-யில் சார்ஜ் ஆகும் மாடலாக இருந்தால். 65 வாட் பவர் டெலிவரி வசதியுள்ள கார் சார்ஜர் ஒன்று போதும். உங்கள் லேப்டாப் அடாப்டரில் எத்தனை வாட் என்று அச்சிட்டிருக்கிறது என்று பார்த்து அதற்கேற்ப வாங்குங்கள். கேம்ஸ் ஆடும் பெரிய லேப்டாப்பை வீட்டிலேயே தூங்க விடுவது உத்தமம்.

8. சாக்கெட் திடீரென்று செத்துப்போனால் முதலில் ஃபியூஸ் பெட்டியைத் திறங்கள். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20 – ஒவ்வொன்றிலும் இரண்டு ஃபியூஸை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தால் மெக்கானிக்கைத் தேட வேண்டாம். எரிந்துபோன நிறத்துக்கு அதே நிறம்தான். “பெரிசு போட்டால் தாங்குமே” என்று மட்டும் நினைக்காதீர்கள், வயர் எரியும்.

9. கார் ஓடும்போது கிடைக்கும் கரண்ட் கிட்டத்தட்ட ஓசி. காலையில் ஊர் சுற்றக் கிளம்பும்போதே காலியான போன், பவர் பேங்க், கேமரா பேட்டரி எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு காரில் செருகிவிடுங்கள். சாயங்காலம் திரும்பும்போது எல்லாம் ஃபுல், ட்ரெய்லர் பேட்டரியைத் தொடவே இல்லை.

10. “அதான் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு போகும்போதே கார் அதன் பேட்டரியையும் ஏற்றுமே” என்று முழுசாக நம்பியிருக்க வேண்டாம். 7 பின் பிளக் வழியாக சார்ஜ் போவது உண்மைதான், ஆனால் வயர் மெல்லிசு, தூரம் நீளம், ஆகவே கொஞ்சம்தான் போய்ச் சேரும். இன்னொன்று, நிறுத்திய பிறகும் அந்தப் பிளக்கைக் கழற்றாமல் விட்டால் சில வண்டிகளில் ட்ரெய்லர் திருப்பிக் காரின் பேட்டரியைக் குடிக்க ஆரம்பித்துவிடும்.

11. பவர் பேங்க் இரண்டு இருந்தால் ராத்திரி நிம்மதி. பகலில் காரிலோ வெயிலிலோ அதை ஏற்றிக்கொண்டு, இரவில் அதிலிருந்து போனுக்கு ஏற்றுங்கள். 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருப்பதைப் பார்த்து நாலைந்து போன் கணக்குப் போடாதீர்கள். நடுவில் போகும் நஷ்டம் கழித்து மூன்று போன் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

12. 100 வாட் சோலார் பேனல் ஒன்று, நல்ல கோடை வெயிலில் ஒரு நாளைக்கு 25 முதல் 30 ஏ.எச். தரும். போன், விளக்கு, தண்ணீர் பம்ப் மூன்றுக்கும் அது போதும். ஆனால் நாம்தான் ட்ரெய்லரை நிழல் பார்த்து நிறுத்துவோமே! கூரையில் பதித்த பேனலைவிட, நீள வயரோடு தரையில் நகர்த்தி வைக்கும் பேனல் மரங்கள் நிறைந்த இடத்துக்கு வசதி.

13. பேனல் இருப்பவர்கள் போன் சார்ஜ் செய்ய ராத்திரி வரை காத்திருக்க வேண்டாம். மதியத்துக்கு மேல் பேட்டரி நிறைந்துவிட்டால் அதற்குப் பிறகு அடிக்கும் வெயில் வீண்தான். பேனலின் சார்ஜ் கன்ட்ரோலரில் ஃபுல் என்று காட்டியதும் எல்லாவற்றையும் செருகிவிடுங்கள்.

14. முதுகுப்பையில் மாட்டும் மடக்கு பேனலை நேராகப் போனோடு இணைத்தால், மேகம் மறைக்கும்போதெல்லாம் சார்ஜ் நின்று நின்று போகும். நடுவில் ஒரு பவர் பேங்கை வைத்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. இரண்டையும் வெயிலில் காய விடாமல் பவர் பேங்கை மட்டும் பேனலுக்கு அடியில் நிழலில் வையுங்கள்.

15. சாக்கெட்டில் செருகினால் வோல்ட் காட்டும் குட்டி மீட்டர் ஒன்று அவசியம் வாங்குங்கள். காலையில் எதையும் போடுவதற்கு முன், வெயில் ஏறுவதற்கு முன் பாருங்கள்: 12.7 என்றால் முழுசு, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12-ஐ நெருங்கிவிட்டால் லேப்டாப்பை மூடிவிட்டுக் குழந்தைகளோடு சீட்டு விளையாடுங்கள்.

16. மேலே சொன்ன கணக்கு லெட்-ஆசிட் பேட்டரிக்குத்தான். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, தீரப்போகும் வரை 13 வோல்ட்டையே காட்டிக்கொண்டிருந்துவிட்டுச் சட்டென்று படுத்துவிடும். போவது வருவதை எண்ணும் ஷன்ட் மீட்டர்தான் அதற்குச் சரி.

17. விலை கூட என்றாலும் லித்தியத்தில் கொடுத்த காசுக்கு ஏறக்குறைய முழுசையும் பயன்படுத்தலாம், எடையும் பாதிதான். ஆனால் தண்ணீர் உறையும் குளிரில் அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, உள்ளே கெட்டுவிடும். தானாகவே நிறுத்திக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

18. மலைக்கு நடுவே சிக்னலைத் தேடித் தேடியே போன் பேட்டரி பாதி தீர்ந்துவிடும். சிக்னல் இல்லாத இடத்தில் ஏரோபிளேன் மோட் போட்டுவிடுங்கள். மேப், பாட்டு, குழந்தைகளின் கார்ட்டூன் எல்லாவற்றையும் வீட்டு வை-ஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். போட்டோ எடுக்க சிக்னல் தேவையில்லை.

19. வயர்லெஸ் சார்ஜர் தட்டு அழகுதான், ஆனால் பாதி கரண்டைச் சூடாக்கியே தீர்த்துவிடும் ரகங்களும் உண்டு. ட்ரெய்லருக்குக் கேபிளே போதும். அதுவும் குட்டையான, கொஞ்சம் தடிமனான கேபிள். ஆறடி நீள மலிவு கேபிளில் சார்ஜ் ஏறுவதற்குள் பொழுது விடிந்துவிடும்.

20. கேமராவோடு வரும் சார்ஜர் பெரும்பாலும் 120 வோல்ட் பிளக்தான். உங்கள் மாடலுக்கு யு.எஸ்.பி.-யில் ஓடும் இரட்டை பேட்டரி சார்ஜர் கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

21. டார்ச், ஹெட்லைட்டுக்கு டபுள் ஏ செல்களை வாங்கி வாங்கித் தூக்கிப் போடுகிறோம். ரீசார்ஜ் ஆகும் செல் நாலும், யு.எஸ்.பி. சார்ஜர் ஒன்றும் வாங்கினால் பல வருஷத்துக்குக் கடைப்பக்கம் போக வேண்டாம். எலக்ட்ரிக் டூத்பிரஷை வீட்டிலேயே முழுசாக ஏற்றிவிட்டால் ஒரு வாரம் ஓடும், அதன் ஸ்டாண்டைச் சுமக்காதீர்கள்.

22. பழைய ட்ரெய்லர் வைத்திருப்பவர்கள் கூரை விளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அது பழைய ரக பல்பு. ஒன்றே ஒன்று ஒன்றரை ஆம்பியர் இழுக்கும், அதாவது ஒன்றேகால் மணி நேர வெளிச்சத்துக்கு ஒரு போன் சார்ஜ் போச்சு. அதே சைஸ் எல்.இ.டி. பல்பு மாற்ற ஸ்குரூடிரைவர்கூடத் தேவைப்படாது.

23. மிக்ஸி! 750 வாட் மிக்ஸியை இன்வெர்ட்டரில் போட்டால் பேட்டரியிலிருந்து 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், சின்ன இன்வெர்ட்டர் அலறும். சட்னிக்குப் பதிலாகக் கெட்டித் துவையலாக வீட்டிலேயே அரைத்து ஃப்ரீஸரில் வைத்து எடுத்துப் போங்கள். ரைஸ் குக்கரும் அப்படியே. சாதத்துக்குக் கேஸ் அடுப்பும் நம் பழைய பிரஷர் குக்கரும் இருக்கவே இருக்கின்றன.

24. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனாரோ அப்பாவோ தூக்கத்துக்கு சி-பாப் மெஷின் வைத்துக்கொள்பவரா? அந்த மாடலுக்கான 12 வோல்ட் அடாப்டர் வாங்கிவிட்டால் இன்வெர்ட்டர் வேண்டாம். அதிகம் இழுப்பது காற்றை ஈரமாக்கும் ஹீட்டர்தான்; டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அதை அணைத்து வைத்தால் பேட்டரி விடியும் வரை தாங்கும்.

25. யோசமிட்டியில் ஜெனரேட்டர் போட காலை 7 முதல் 9, மதியம் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 மணி வரைதான் அனுமதி. காலி பேட்டரிதான் வேகமாகச் சார்ஜ் வாங்கும், நிறைய நிறைய மெதுவாகிவிடும். அதனால் ராத்திரி தீர்ந்த பேட்டரிக்குக் காலை நேரம்தான் லாபம். லேப்டாப்பையும் சுவர் பிளக்கில் அப்போதே மாட்டிவிடுங்கள். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும்.

26. “என் கேபிள், உன் கேபிள்” சண்டை எல்லா ட்ரெய்லரிலும் உண்டு. ஆளுக்கொரு நிற எம்ப்ராய்டரி நூலைக் கேபிளின் இரண்டு முனையிலும் சுற்றி முடிச்சுப் போட்டுவிடுங்கள். சார்ஜ் ஆகும் போனைத் தலையணைக்கு அடியில் வைக்க மட்டும் விடாதீர்கள், சூடாகும்.

27. நீண்ட பயணத்தில் நடுநடுவே ஒரு ராத்திரி கரண்ட் உள்ள இடத்தில் தங்குங்கள், கிராண்ட் கேன்யனில் ட்ரெய்லர் வில்லேஜ் மாதிரி. லெட்-ஆசிட் பேட்டரி கடைசிச் சொட்டு வரை நிறைய ராத்திரி முழுக்க வேண்டும். வாடகை கொஞ்சம் கூட என்றாலும், துணி துவைப்பது, மிக்ஸி போடுவது எல்லாவற்றையும் அந்த நாளுக்கே ஒதுக்கி வைத்தால் சரியாகிவிடும்.

28. வீடு திரும்பியதும் பேட்டரி டிஸ்கனெக்ட் சுவிட்சைத் திருப்பிவிடுங்கள். எல்லாம் அணைத்த பிறகும் கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி, ரேடியோவின் கடிகாரம், யு.எஸ்.பி. சாக்கெட்டின் நீல விளக்கு எல்லாம் துளித்துளியாகக் குடித்துக்கொண்டே இருக்கும். சில மாடல்களில் கேஸ் கருவி மட்டும் அந்தச் சுவிட்சுக்குக் கட்டுப்படாது. அதற்கு நெகட்டிவ் வயரைக் கழற்றி ஓரமாகக் கட்டி வைத்து, அடுத்த பயணத்துக்கு முன் மறக்காமல் மாட்டுங்கள்.