பல்லுப்பூச்சி எது?



பீடோங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். பல்வலின்னு அழுதா பாட்டி வாயைத் திறந்து பார்த்து, "பல்லுப்பூச்சி அரிக்குதுடா, கிராம்பு வச்சுக்க" என்பார். வலி அடங்கும், ஓட்டை மட்டும் பெரிசாகிக்கிட்டே போகும். பன்னிரண்டு வயதில் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கினார்கள். அந்த இடம் இன்றைக்கும் காலி.

பூச்சி உண்மையா? 1728-இல் வெளியான தம் நூலில் பிரெஞ்சு பல் மருத்துவர் பியர் ஃபோஷார் அதை மறுத்தார். 1890-இல் பெர்லினில் மில்லர் என்பவர் காரணத்தை விளக்கினார்: வாயில் உள்ள கிருமிகள் சர்க்கரையையும் மாவையும் அமிலமாக்குகின்றன, அமிலம் பல்லைக் கரைக்கிறது. 1924-இல் லண்டனில் கிளார்க் சொத்தைப் பல்லில் ஒரு கிருமியைக் கண்டு, 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்' என்று பெயரிட்டார். ஆக, பாட்டி சொன்னதில் பாதி சரி. உயிர் ஒன்று இருக்கிறது; அதற்குத் தீனி போடுவது நாம்தான்.

சுவீடனில் 1940-களில் விப்பெஹோம் மனநலக் காப்பகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. நோயாளிகளின் சம்மதமில்லாமல் நடந்ததால் அது பெரிய கண்டனத்துக்கு உள்ளானது. அது காட்டிய பாடம் இது: சாப்பாட்டோடு உண்ட சர்க்கரையால் கேடு குறைவு, இடையிடையே தின்ற, பல்லில் ஒட்டும் மிட்டாயால் சொத்தை மிக அதிகம். ஒவ்வொரு மிட்டாய்க்குப் பிறகும் அமிலம் அரை மணி நேரம்போல நிற்கும். எச்சில் அதைச் சரிசெய்வதற்குள் அடுத்த மிட்டாய் வந்தால்?

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. நம் ஞாயிறு சமய வகுப்பில் சரியான பதிலுக்கு ஒரு மிட்டாய் கொடுப்பது என் வழக்கம். போன மாதம் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி தேவாரம் பாடும்போதே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அன்று அவளுக்கு மூன்று மிட்டாய் கொடுத்தவன் நான். இப்போது பரிசு பென்சில்தான்.

நாம் செய்ய வேண்டியவை:

1. இனிப்பைச் சாப்பாட்டோடு உண்போம். கோயில் சர்க்கரைப் பொங்கலை விட வேண்டியதில்லை. நடுவில் தாகமெடுத்தால் பச்சைத் தண்ணீர் போதும்.

2. பிள்ளையை இனிப்புப் பால், மைலோ புட்டியோடு தூங்கவிடக்கூடாது.

3. காலையிலும் படுக்குமுன்பும் புளோரைடு உள்ள பற்பசையால் துலக்குவோம். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதன்பின் பட்டாணி அளவு. நுரையைத் துப்பினால் போதும். நிறைய நீரால் கொப்பளிக்க வேண்டாம். குடிநீரில் புளோரைடு சேர்க்க நம் அமைச்சரவை 1972-இல் ஒப்புதல் தந்ததும் பல்லின் உறுதிக்காகத்தான்.

4. வலி வரும்வரை காத்திராமல் அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போவோம்.

சிந்திக்க: உங்கள் வீட்டுப் பிள்ளை நேற்று எத்தனை முறை இனிப்பு தின்றது? எண்ணி எழுதி, அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.